பன்னிரண்டாவது கால்

கல்யாணப் பந்தலுக்கு எத்தனை கால் வேண்டும்? இன்றைக்குப் பந்தல்காரரைக் கேட்டால் வாசலை ஒரு நோட்டம் விட்டுச் சொல்வார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் வாசலைப் பார்த்திருக்க மாட்டார், உங்களைப் பார்த்திருப்பார். "நீங்க வலங்கையா, இடங்கையா?" வலங்கை என்றால் பன்னிரண்டு கால். இடங்கை என்றால் பதினொன்று. கூட ஒரு குச்சி ஊன்றினால் முகூர்த்தத்துக்கு முன்னால் மண்டை உடையும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்கள் மெனக்கெட்டு எழுதிவைத்த கணக்கு இது. வலங்கைச் சாதிகள் தங்களுக்கு மட்டுமே உண்டென்று சண்டை போட்ட உரிமைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பந்தலுக்குப் பன்னிரண்டு கால், எதிர்த்தரப்புக்குப் பதினொன்று. ஊர்வலத்தில் குதிரை. அனுமார் படம் எழுதிய கொடி.

குதிரை புரிகிறது. அனுமாரும் புரிகிறார். பதினோரு காலில் ஒரு பந்தலை எப்படி நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நாலு மூங்கில் வீதம் மூன்று வரிசை, மொத்தம் பன்னிரண்டு. சின்னப் பிள்ளைகூட நட்டுவிடும். பதினொன்று என்பது எதாலும் வகுபடாத சனியன். நடுவில் ஒன்றை உருவினால் கீற்று மாப்பிள்ளை தலையில் இறங்கும். ஓரத்தில் உருவினால் ஒரு மூலை தொங்கும். என் கற்பனையில் அந்த மூலையில் ஒரு தாய்மாமன் நிற்கிறார். பட்டு வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், இரண்டு கையாலும் கீற்றைத் தூக்கிப் பிடித்தபடி. தாலி கட்டியாகிவிட்டதா என்று எட்டிப் பார்க்க முடியாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஊதித்தான் விரட்ட வேண்டும். "மாமா, நீங்க காலா, ஆளா?" என்று வலங்கைத் தரப்பு வேவுக்காரன் ஒருவன் வேலிக்கு வெளியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறான்.

இந்த இடது வலதைக் கட்சி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இடதுசாரி, வலதுசாரி என்ற பேச்செல்லாம் 1789இல் பிரெஞ்சுக்காரர்கள் சபையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதில் வந்தது. நம் ஆட்கள் அதற்கு எழுநூறு வருஷத்துக்கு முன்பே ஒரே பெஞ்சில் உட்கார மாட்டோம் என்று எழுந்துவிட்டார்கள். வலங்கைமான் ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே தயாராவது வேறு வெடி.

ஆரம்பம் சோழர் படையில் இருக்கலாம். ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூர்க் கல்வெட்டுகளில் வலங்கை வேளைக்காரப் படைகள் என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. கொஞ்ச நாளில் படை என்பது போய்ச் சாதிக்கூட்டம் என்று ஆனது. முதலாம் குலோத்துங்கன் ஆட்சியில் ராஜமகேந்திரச் சதுர்வேதிமங்கலம் என்ற ஊரில் வலங்கைக்கும் இடங்கைக்கும் மூண்ட சண்டையில் ஊரே எரிந்துபோனது; கோயிலும் இடிந்தது, பண்டாரமும் கொள்ளை போனது. ஆக, கை என்று பெயர் வைத்து நூறு வருஷம் ஆவதற்குள் கை ஓங்கிவிட்டது.

யார் பிரித்தார்கள்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. 1800இல் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்டுலாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவின் பேரில் சென்னையிலிருந்து மைசூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய், கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொண்டே வந்தார். அவரிடம் மக்கள் சொன்ன விளக்கம்: பிரித்தது காஞ்சிபுரத்தில், பிரித்தவள் காளி. எந்தக் கைக்கு என்ன உரிமை என்று அப்போதே செப்பேட்டில் வெட்டிக் கோயிலில் வைத்தாயிற்று. வலங்கைக்காரர்களைக் கேட்டால், "எங்கள் உரிமை அந்தச் செப்பேட்டிலேயே இருக்கிறது." இடங்கைக்காரர்களைக் கேட்டால், "எங்கள் உரிமையும் அதே செப்பேட்டில்தான்." இரண்டு பேர் சொன்ன உரிமையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இதைக் கேட்ட புக்கானனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது: அப்படி ஒரு செப்பேடு இருக்கிறதா? அவர் மருத்துவர். நோயாளி இரண்டு பேர் ஒரே மருந்துச் சீட்டைக் காட்டி வெவ்வேறு மருந்து கேட்டால் என்ன நினைப்பாரோ, அதையே நினைத்தார்.

நியாயமாகப் பார்த்தால் இடங்கைக்காரர்கள் பெயரையே மறுத்திருக்க வேண்டும். இடது கையால் ஒரு வெற்றிலையை நீட்டினாலே முதுகில் ஒன்று விழுகிற நாடு இது. அந்தக் கைக்கு நம் வீடுகளில் இருக்கிற பெயரே வேறு. அதன் அன்றாட உத்தியோகத்தைச் சொல்லும் பெயர். அப்படிப்பட்ட கையைப் பாதி நாட்டின் பெயராக வைத்தால் யாராவது ஏற்பார்களா? ஏற்றார்கள். ஏற்றதோடு நிற்காமல் அதற்கு ஒரு வம்சாவளியும் எழுதினார்கள். திருச்சிப் பக்கம் ஊட்டத்தூரில் 1218இல் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காசியபர் யாகத்தைக் காப்பாற்ற அக்கினிக் குண்டத்திலிருந்து தோன்றியவர்கள் நாங்கள் என்று இடங்கை 98 பிரிவினரும் அதில் அறிவிக்கிறார்கள். இனி ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருப்போம், ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் வந்தது என்று உடன்படிக்கை. அடையாளம் வேண்டாமா? கொக்கு இறகும் விரித்துப் போட்ட தலைமுடியும்.

98 என்ற எண்ணைக் கவனியுங்கள். வலங்கையிலும் 98 சாதி. இடங்கையிலும் 98 சாதி. காலில் ஒன்று குறைத்தவர்கள் சாதியில் மட்டும் சரிசமம். அந்த 98 பேரையும் வரிசையாகச் சொல் என்று யாரையாவது நிறுத்தி வைத்துக் கேட்டிருந்தால் இருபதுக்கு மேல் திக்கியிருப்பார்.

பொதுவாகச் சொன்னால், நிலத்தைச் சுற்றி இருந்தவர்கள் வலங்கை: வெள்ளாளர்கள், அவர்களோடு சேர்ந்த சில வணிகச் சாதிகள், அவர்கள் வயலில் உழைத்த பறையர்கள். கைத்தொழிலைச் சுற்றி இருந்தவர்கள் இடங்கை: தச்சர், கொல்லர், தட்டார், கன்னார், சிற்பியர் என்று ஐந்தொழில் கம்மாளர்கள், பேரி செட்டிகள், தோல் வேலை செய்த அருந்ததியர்கள். ஊருக்கு ஊர் இது மாறும். உச்சகட்டம் என்னவென்றால், சில சாதிகளில் ஆண்கள் ஒரு கை, அவர்கள் மனைவிமார் மறு கை. கைகலப்பு நடக்கிற நாட்களில் இந்தப் பெண்கள் புருஷனைப் பக்கத்தில் அண்டவிட மாட்டார்கள் என்று மாவட்டக் குறிப்பு எழுதிய துரைமார் பதிந்திருக்கிறார்கள். ஊர்ச் சண்டை திண்ணையில் முடிந்து வீட்டுக்குள் தொடர்ந்திருக்கிறது. சமாதானத்துக்கு முதல் குரல் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

காஞ்சிபுரத்தில் இரண்டு கைக்கும் தனித்தனி மண்டபம், தனித்தனித் தெரு, தனித்தனித் தேவதாசிகள். வலங்கை தாசி இடங்கைக்காரர் வீட்டு விசேஷத்தில் ஆட மாட்டார். தாளத்தில்கூடக் கை பார்த்தார்கள்.

எதற்காக இவ்வளவும்? அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே வேட்டி கட்டி, நம்மவர்களோடு நம்மவராகத் திரிந்து இதைப் பார்த்தார். அவர் சொல்கிற காரணங்கள்: செருப்புப் போட்டு நடக்கலாமா. கல்யாணத்தில் பல்லக்கில், குதிரையில் தெருவழியே போகலாமா. முன்னால் கொம்பு ஊதலாமா. மேளம் வைக்கலாமா. கொங்குநாட்டுக் கம்மாளர்களுக்கு ஒரு மன்னர் கொடுத்த சலுகைகள் கரூரில் கல்வெட்டாகவே இருக்கின்றன. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். சொந்தக் காசில், சொந்த வீட்டுச் சுவரில், கொத்துவேலை தெரிந்தவன் சாந்து பூச ராஜமுத்திரை. கட்டட அனுமதிக்காகக் கார்ப்பரேஷன் படி ஏறி இறங்குகிறவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம், மரபு பழையது.

இங்கே கொஞ்சம் பிரிஸ்டல் வரை போய்வர வேண்டும். இங்கிலாந்தில் இருக்கிற ஊர். 1970இல் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியல் பேராசிரியர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பசங்களைக் கூப்பிட்டார். வயது 14, 15. தாஜ்ஃபெல் போலந்து யூதர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியர்களிடம் போர்க் கைதியாக மாட்டி உயிரோடு வெளியே வந்தபோது, ஊரில் குடும்பத்தில் ஏறக்குறைய யாருமே மிஞ்சவில்லை. மனிதக் கூட்டம் இன்னொரு கூட்டத்தை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவர் தெரிந்துகொள்ள விரும்பியது வேறு. இது தொடங்குவதற்குக் குறைந்தபட்சம் என்ன தேவை?

பசங்களுக்கு இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டினார்கள். பால் க்ளே, காண்டின்ஸ்கி. எந்தப் படம் யாருடையது என்று சொல்லவில்லை. எது பிடித்தது என்று கேட்டுவிட்டு, "நீ க்ளே குழு, நீ காண்டின்ஸ்கி குழு" என்று பிரித்தார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். யார் எந்தக் குழு என்று ஒருத்தனுக்கும் மற்றவனைப் பற்றித் தெரியாது. பேச்சில்லை, சண்டையில்லை, முன்விரோதமில்லை. காளியும் இல்லை, செப்பேடும் இல்லை. இப்போது தனித்தனியாக உட்கார்ந்து, தன் குழுவில் ஒருவனுக்கும் எதிர்க் குழுவில் ஒருவனுக்கும் புள்ளிகளைப் பங்கிட வேண்டும்; புள்ளிக்குக் காசு உண்டு. தனக்கென்று எதுவும் எடுக்க முடியாது. முன்னால் ஒரு கட்டம் போட்ட தாள். அதன் ஒரு கோடியில் நம் ஆளுக்கு 19, எதிராளிக்கு 25. மறு கோடியில் நம் ஆளுக்கு 7, எதிராளிக்கு 1. நடுவில் இருவருக்கும் 13.

நம் ஆள் நன்றாக இருக்க வேண்டும் என்றால் 19-ஐத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? பசங்கள் போகவில்லை. எதிராளிக்கு 25 போகிறதே! நம் ஆளுக்குக் குறைந்தாலும் சரி, அவன் ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று தாளின் மறு கோடிப் பக்கமாக நகர்ந்தார்கள். அந்தத் தாளில் 13-13க்கு ஒரு கட்டம் தள்ளி இருக்கிற ஜோடி என்ன தெரியுமா? நமக்கு 12. அவனுக்கு 11.

நாற்காலியை விட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். தாஜ்ஃபெல் காஞ்சிபுரம் வந்ததில்லை. பந்தல்காரர் யாரும் பிரிஸ்டலுக்குப் போனதில்லை.

பன்னிரண்டாவது காலுக்குத் தனியாக ஒரு பயனும் கிடையாது. பதினைந்து கால் நடுகிறேன் என்று வலங்கைக்காரர் யாரும் கிளம்பவில்லை. கால் வேண்டும் என்பதல்ல விஷயம். அடுத்த வீட்டில் ஒன்று குறைந்து, மூலை தொங்கி, தாய்மாமன் கை வலித்து நிற்க வேண்டும். செருப்பும் அப்படித்தான். செருப்பு சுகமாக இருப்பது காலுக்கு. அதைவிடச் சுகம், எதிரே வருகிறவன் அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்குகிறபோது.

அதனால் இதை வெறும் கோமாளிக் கூத்து என்று சிரித்துக் கடந்துவிடவும் முடியவில்லை. துபுவா எழுதிய ஒரு சம்பவம் சிரிப்பை நிறுத்துகிறது. ஒரு பொதுவிழாவில் அருந்ததியர் ஒருவர் தலைப்பாகையில் சிவப்புப் பூ செருகிக்கொண்டு வந்தார். இவர் சாதிக்கு அந்தப் பூ வைக்கும் உரிமை கிடையாது என்று பறையர்கள் எதிர்த்தார்கள். ரத்தம் ஓடியது. ஒரு பூவுக்கு. இருவரும் தீண்டாமையில் நசுக்கப்பட்டவர்கள். அன்று கோயிலுக்குள் இருவருமே போக முடியாது. ஒருவர் வலங்கையின் கடைசி விரல், மற்றவர் இடங்கையின் கடைசி விரல். பிராமணர்கள் எந்தக் கையிலும் இல்லை, நடுநிலை. ஆகவே சண்டை முற்றினால் இரண்டு தரப்பும் யோசனை கேட்கப் போவது அவர்களிடம். அரசர்களும் எந்தக் கையிலும் இல்லை. தீர்ப்புச் சொல்வது அவர்கள். வெள்ளாளருக்கும் அவர் பண்ணையில் உழைத்தவருக்கும் கை ஒன்றுதான். ஆனால் பன்னிரண்டு கால் பந்தலுக்காகத் தடி தூக்கியவர் அதே பந்தலுக்குள் பாயில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்க முடியுமா? நிலம் யாருடையது என்று மட்டும் எந்தக் கையும் இன்னொரு கையைக் கேட்கவில்லை. பூவைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் யாரும் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இனி சென்னைக்கு வருவோம். வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தது துணிக்கு. கோட்டை கட்டியது 1640இல். சாயத்துணி வாங்கிக் கப்பலேற்றி நிம்மதியாக லாபம் பார்க்கலாம் என்று நினைத்தார்கள். பன்னிரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1652இல், கோட்டையை ஒட்டி நம்மவர்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்தில் இரண்டு கைகளும் மோதின. எந்தத் தெரு எந்தக் கைக்கு என்று ஏற்பாடு செய்து ஒருவழியாக அடக்கினார்கள். வெற்றிலை பாக்கோடு வந்த பிரச்சினை என்று அவர்களுக்கு அப்போது தெரிந்திருக்காது.

1707 பெரிய வருஷம். ஔரங்கசீப் செத்துப்போனார், மொகலாய சாம்ராஜ்யம் ஆட்டம் கண்டது. இங்கிலாந்தும் ஸ்காட்டுலாந்தும் ஒரே நாடாகச் சேர்ந்தன. சென்னையில் ஒரு கல்யாண ஊர்வலம் தப்பான தெருவில் திரும்பியது. மூன்றில் எது முக்கியம் என்று அந்தத் தெரு இருந்த பெத்துநாயக்கன்பேட்டையில் கேட்டிருந்தால் ஒரே பதில்தான் வந்திருக்கும்.

ஊர்வலம் இடங்கைக்காரர்களுடையது. தெரு தங்களுடையது என்றார்கள் வலங்கைக்காரர்கள். மேளம் ஒருபக்கம் உருண்டது, ஆள் ஒருபக்கம் உருண்டார். அப்போது கவர்னர் தாமஸ் பிட். இவரைப் பற்றி இரண்டு வரி சொல்லாவிட்டால் பாவம். ஆரம்பத்தில் கம்பெனி அனுமதியில்லாமல் கள்ள வியாபாரம் செய்து கம்பெனிக்குத் தலைவலியாக இருந்தவர். பிடிக்க முடியாத திருடனைத் தலையாரி ஆக்குவதுபோல 1698இல் அவரையே கவர்னராக்கினார்கள். வந்தவர் 410 காரட் பட்டை தீட்டாத வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். அதை மகன் செருப்புக் குதியில் மறைத்து லண்டனுக்குக் கொண்டுபோனார் என்று ஒரு கதை உண்டு. பிறகு 1717இல் பிரான்சின் ஆட்சிக் காவலருக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். இப்போது பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செருப்பு எவ்வளவு மதிப்புள்ள பொருள் என்று அந்தக் குடும்பத்துக்காவது தெரிந்திருக்கும்.

பிட் பொறுமைசாலி இல்லை. வலங்கையிலிருந்து 12 பெரிய மனிதர்கள், இடங்கையிலிருந்து 12 பெரிய மனிதர்கள் கூப்பிடப்பட்டார்கள். ஒரே அறையில் போட்டு அடைத்தார். சமாதானம் ஆகும்வரை ஒருத்தரும் வெளியே வரக்கூடாது. இரண்டு பக்கமும் பன்னிரண்டு என்பதைக் கவனித்தீர்களா? துரைக்குப் பந்தல் கணக்குத் தெரியாது. நம் மாமா உள்ளே இருந்திருந்தால் வாழ்நாளில் முதல்முறையாகப் பன்னிரண்டாவது ஆளாக நின்றதில் கண் கலங்கியிருப்பார்.

சென்னையில் கோடைக்காலம். இருபத்து நாலு பெரிய மனிதர்கள், இருபத்து நாலு தலைப்பாகை, ஒரு அறை. வலது பக்கம் யார் உட்காருவது, இடது பக்கம் யார் உட்காருவது என்பதிலேயே முதல் ஒரு மணி நேரம் போயிருக்கும் என்பது என் ஊகம். தண்ணீர்ச் செம்பு வந்திருந்தால் யாருக்கு முதலில் என்று அடுத்த ஒரு மணி. மூன்றாவது மணியில் தொண்டை வறண்டு வேர்வை வழிய, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஞானம் பிறந்திருக்கும். ஒப்பந்தம் ஆயிற்று. பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, அங்கே குடியிருக்கிற இடங்கைக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டு முத்தியால்பேட்டைக்குப் போய்விட வேண்டும். ஊரை இரண்டு கையாகப் பிரித்தாயிற்று. வெள்ளைக்காரன் கட்டிய நகரத்தில், வெள்ளைக்காரன் மேற்பார்வையில், சாதி பார்த்து நகரமைப்பு.

கையெழுத்துக் காய்வதற்குள் வலங்கைக்காரர்களுக்கு மனக்குறை வந்தது. கொடுத்தது போதாது என்று கூட்டமாகக் கிளம்பிச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். போனவர்களில் பெரிய மனிதர்கள் மட்டும் இருந்தால் பிட் வழியனுப்பி வைத்திருப்பார். படகோட்டிகள் போனார்கள். துணி வெளுப்பவர்கள் போனார்கள். மீனவர்களும் கூலிக்காரர்களும் போனார்கள். அன்றைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும்; அலையைத் தாண்டி மசூலாப் படகில் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கினால்தான் உண்டு. வெளுக்காத துணிக்கு லண்டனில் விலை இல்லை. கோட்டையில் பீரங்கி இருந்தது, பட்டாளம் இருந்தது, கொடி இருந்தது. அழுக்குத் துணியும் ஆளில்லாத படகும் சேர்ந்து அத்தனையையும் செல்லாக்காசாக்கிவிட்டன. போதாததற்குச் சாந்தோம் மொகலாயர் வசம். ஐந்து வருஷத்துக்கு முன்புதான் நவாப் தாவூத்கான் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டு சென்னையை முற்றுகை போட்டிருந்தார். பிட்டுக்கு இரவில் தூக்கம் வந்திருக்காது.

தூக்கம் வராதவருக்குச் சந்தேகம் வரும். கவுன்சிலில் இருந்த வில்லியம் ஃப்ரேசர் வலங்கைக்காரர்களைத் தூண்டிவிடுகிறார் என்று அவரைப் பதவியிலிருந்து தூக்கிக் காவலில் வைத்தார். ஆக, வலங்கை இடங்கை என்பது கோட்டைக்குள் வெள்ளைக்காரனையும் தொற்றிவிட்டது. காளி, காசியபர், அக்கினிக் குண்டம் எதுவும் தேவைப்படவில்லை. இதில் வேடிக்கை, பிட் 1709இல் போனபின் கொஞ்ச நாளில் அதே ஃப்ரேசர் கவர்னர் ஆனார்.

தெரு, ஊர்வலம் எல்லாம் மேல்பூச்சு. உள்ளே கம்பெனிக்குத் துணி வாங்கிக் கொடுக்கிற காண்ட்ராக்ட் இருந்தது. அதுவரை வலங்கை வியாபாரிகள் கையில் கொழித்த தொழிலில் இடங்கை வியாபாரிகள் நுழைந்துவிட்டார்கள். காசு வந்தால் கல்யாணம் பெரிதாகும். கல்யாணம் பெரிதானால் ஊர்வலம் நீளும். ஊர்வலம் நீண்டால் தெரு போதாது. ஆனால் "எங்கள் கமிஷன் போச்சு" என்று ஒரு படகோட்டியைச் சாந்தோமுக்கு நடக்கவைக்க முடியுமா? "நம் தெருவில் அவன் கொம்பு ஊதினான்" என்றால் நடப்பார். பேரம், தூது, வாக்குறுதி எல்லாம் நடந்து கடைசியில் திரும்பி வந்தார்கள். படகோட்டியின் கூலி கூடியதா என்று மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்தக் கைகள் ஒருமுறையாவது சேர்ந்து தட்டியதுண்டா? உண்டு. 1429. விஜயநகர ஆட்சி. காவிரிப் பக்கம் ஆடுதுறை, கொறுக்கை போன்ற ஊர்களின் கல்வெட்டுகளில் இருக்கிறது. நொபொரு கராஷிமா என்ற ஜப்பானியரும் நம்மூர் எ. சுப்பராயலுவும் படித்து விளக்கினார்கள். வரிமேல் வரி. ராஜ அதிகாரிகள் கறக்க, அவர்களோடு சேர்ந்துகொண்ட காணியாளர்கள் மிச்சத்தைக் கறக்க, வலங்கை 98ம் இடங்கை 98ம் ஒரே இடத்தில் கூடின. நமக்குள் ஒற்றுமை இல்லாததால்தான் இந்தக் கதி என்று ஒப்புக்கொண்டு, எந்த வரி எவ்வளவு, அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று கல்லில் வெட்டினார்கள். காணியாளர்கள் யார்? பிராமணர்களும் வெள்ளாளர்களும். ஒரே ஒரு தடவை, பூவை விட்டுவிட்டு நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

1954இல் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரீஃப் என்ற துருக்கியர் இதையே பொடிப்பசங்களை வைத்துச் செய்து பார்த்தார். 22 பேர், கோடை முகாம், கழுகுகள் என்றும் சாரைகள் என்றும் இரண்டு அணி. சாரை என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன், அவர்கள் வைத்துக்கொண்டது விஷப்பாம்பின் பெயர். போட்டி வைத்ததும் ஒருத்தர் கொடியை ஒருத்தர் கொளுத்தினார்கள். பிறகு குடிதண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு, சாப்பாட்டு லாரியைக் கிளம்பாமல் நிறுத்திவைத்தார் ஷெரீஃப். சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள், கோபம் இறங்கியது. விஜயநகரத்து வரி அதிகாரி இதே ஆராய்ச்சியை ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே, சம்பளமும் வாங்கிக்கொண்டு செய்து முடித்திருந்தார். ஷெரீஃபின் பசங்கள் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். நம்மவர்களுக்கு அந்த பஸ் வரவில்லை. 1652க்குள் மறுபடி கொம்பு, கொடி, கால் கணக்கு.

கடைசியில் எப்படி ஒழிந்தது? ஒழிந்தது என்று ஒருநாள் தமுக்கு அடிக்கவில்லை. கம்பெனி வியாபாரியாக இருந்தது போய் ராஜாவாகிவிட்டது. வியாபாரித் தலைவர்களின் தயவு தேவைப்படவில்லை. தெரு சர்க்காருடையது என்று கோர்ட்டு சொன்னது. 1871இலிருந்து சென்சஸ் வந்து எல்லாச் சாதிகளையும் ஏணியில் நிறுத்தியது. உடனே கையைப் போட்டுவிட்டு ஏணியைப் பிடித்தார்கள். யார் எந்தப் படி என்று மனுமேல் மனு. தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு புத்தகம் போட்டபோது, வலங்கை இடங்கை ஏறக்குறையப் பழங்கதை. இரண்டு பேட்டைக்கும் நடுவே இருந்த பள்ளம் மேடாகிப் பிராட்வே ஆகி, இன்று பிரகாசம் சாலை. அங்கே நின்று இப்போது எந்தப் பக்கம் எந்தக் கை என்று கேட்டால் பின்னால் வருகிற மீன்பாடி வண்டிக்காரர் தன் இரண்டு கையையும் காட்டுவார்.

காஞ்சிபுரத்துச் செப்பேடு கிடைத்ததாக இதுவரை தகவல் இல்லை. அதில் எத்தனை கால் போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் கையை இறக்குவேன் என்று தாய்மாமன் நிற்கிறார். கல்யாணப் பெண்ணுக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. பந்தல்காரர் மற்ற பதினொன்றையும் பிடுங்கி வண்டியில் ஏற்றிவிட்டார்.